1923 ஜெர்மனியின் ஊர்ப் பணம்: அவசரத்துக்கு உதவியதா, நெருப்புக்கு நெய் ஊற்றியதா?

செல்லாக்காசு எழுதியது:

வணக்கம். சென்ற மாதம் பழைய நாணய வியாபாரி ஒருவரிடம் ஜெர்மானியத் தாள்கள் அடங்கிய சிறிய தொகுப்பு ஒன்றை வாங்கினேன். மொத்தம் 31 தாள்கள். அவற்றில் பத்தொன்பது, பழைய தீப்பெட்டிப் படங்களைப் போலப் பல வண்ணங்களில் அச்சிடப்பட்டவை. 25, 50, 75 பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்) என்று சிறிய மதிப்புகள் கொண்டவை. மற்ற பன்னிரண்டும் பார்வைக்கு ரசீதுச் சீட்டுகளைப் போலத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் அச்சாகியிருக்கும் தொகைகளோ 5 லட்சம், 10 லட்சம், 2 கோடி என்று போகின்றன. இரண்டு வகைகளிலும் மத்திய வங்கியின் பெயர் இல்லை. ஏதோ ஓர் ஊரின் பெயரும் அந்நகராட்சியின் முத்திரையுமே உள்ளன. வியாபாரி எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, 'பணவீக்கக் காலத்து அவசரப் பணம்' என்று சொல்லி விற்றார்.

அவர் சொன்னது சரிதானா? ஒரு நாட்டின் நாணயத்தை ஒரு நகராட்சி எந்த உரிமையில் அச்சிட்டது? எல்லா ஊர்களும் இப்படி அச்சிட்டுக்கொண்டிருந்தால் விலைவாசி ஏறாமல் வேறென்ன செய்யும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வட்டிக்கணக்கு எழுதியது:

நண்பர் செல்லாக்காசு அவர்களுக்கு, முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இவற்றுக்கு ஜெர்மன் மொழியில் 'நோட்கெல்ட்' என்று பெயர். நம் சேகரிப்பாளர்களில் சிலர் இதை 'நோட்டுப் பணம்' என்று புரிந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன். அந்த 'நோட்' நம் 'நோட்டு' அன்று. அம்மொழியில் அதற்கு இக்கட்டு, தட்டுப்பாடு என்று பொருள். இக்கட்டுக் காலத்துப் பணம் என்பதே நேர்ப்பொருள்.

உங்கள் வியாபாரி சொன்னதில் பாதிதான் உண்மை. நோட்கெல்ட் என்ற ஒரே பெயருக்குள் நான்கு வெவ்வேறு காலங்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாமே குழப்பமாகத்தான் தெரியும்.

முதற் காலம் 1914. போர் தொடங்கிய அந்த ஆகஸ்டு மாதத்திலேயே தாளைக் கொடுத்துத் தங்கம் பெறும் உரிமையை அரசு நிறுத்திவிட்டது. மக்கள் தங்கத்தோடு வெள்ளிக் காசுகளையும் வீட்டில் பதுக்கினார்கள். பின்னர் நிக்கலும் செம்பும் போர்த் தளவாடங்களுக்குப் போய்விட்டன. கடையில் சில்லறை இல்லை. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்ததைப் போல அங்கே நகராட்சிகள் சிறு சீட்டுகளையும் இரும்பு, துத்தநாகக் காசுகளையும் வெளியிட்டன. இரண்டாவது, 1918இன் இலையுதிர் காலம். தோல்வி நெருங்கிய வேளையில் மக்கள் வங்கிகளிலிருந்து பெருந்தொகைகளை எடுத்ததால் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்கே நகரங்களை 5, 10, 20, 50 மார்க் தாள்களை அச்சிடச் சொன்னது. மூன்றாவது, 1920 முதல் 1922 வரை வெளிவந்த வண்ணத் தொடர்கள். உங்களிடம் உள்ள பத்தொன்பதும் அநேகமாக இவையே. நான்காவதுதான் 1922இன் பிற்பகுதியில் தொடங்கி 1923இல் உச்சத்தைத் தொட்ட பெருந்தொகைத் தாள்கள். பணவீக்கக் காலத்து அவசரப் பணம் என்று முழுத் தகுதியோடு சொல்லத்தக்கவை உங்களுடைய அந்த அழகில்லாத பன்னிரண்டு மட்டுமே.

வண்ணத் தொடர்களைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். அவற்றுள் பெரும்பாலானவை தட்டுப்பாட்டுக்காகப் பிறந்தவை அல்ல. போர்க்காலச் சீட்டுகளைச் சேகரிப்பதில் மக்களுக்கு ஏற்பட்ட மோகத்தைக் கண்ட சிற்றூர்கள், திருப்பிக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே அச்சிட்டு விற்றவை அவை. ஹாமெலன் நகரம் எலிகளைக் குழலூதி இழுத்துச் சென்றவனின் கதையையும், ஐசெனாக் நகரம் வார்ட்பர்க் கோட்டையில் தங்கியிருந்த மார்ட்டின் லூதரையும், நௌம்பர்க் நகரம் தன் செர்ரிப் பழத் திருவிழாவையும் தாளில் ஏற்றின. படங்கள் மிக அழகானவைதான், மறுக்கவில்லை. ஆயினும் சில ஊர்களின் தாள்கள் செல்லுபடிக் காலம் முடிந்த பிறகும் சேகரிப்பாளர்களுக்காக அச்சேறிக்கொண்டே இருந்தன என்பதை அறியும்போது, அதைப் பணம் என்று சொல்ல வாய் வரவில்லை. 1922 ஜூலை 17 அன்று இயற்றப்பட்ட சட்டம் இந்த வியாபாரத்தைத் தடுத்தது.


தறிமேடை எழுதியது:

ஐயா, வண்ணத் தாள்களை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். நான் நெசவுத் தொழிலில் இருப்பவன். பழந்தாள்களில் எனக்கு ஈடுபாடு வந்ததே பீலஃபெல்டு நகரத்தால்தான். அது லினன் துணிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் நகரச் சேமிப்பு வங்கியின் பொறுப்பாளராக இருந்த பவுல் ஹாங்கே என்பவர், தாளில் மட்டும் நில்லாமல் பட்டிலும் லினனிலும் வெல்வெட்டிலும் பணம் அச்சிடச் செய்தார். விளிம்பில் பின்னல் சரிகை தைத்தவையும் உண்டு. ஒரு நண்பரின் வீட்டில் அந்தப் பட்டுச் சீட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையளவுத் துணி, அச்சு மை இழைகளின் நடுவே சற்றும் பரவாமல் ஊசி முனையளவு எழுத்துகள்கூடத் தெளிவாக நிற்கின்றன. துணியில் அப்படி மை நிற்க வேண்டுமானால் நெசவு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பது தறியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

பீலஃபெல்டு மட்டும் அன்று. தோல் பதனிடும் தொழில் நடந்த ஓஸ்டர்வீக், பெஸ்னெக் போன்ற ஊர்கள் தோலிலேயே பணம் வெளியிட்டன. மைசன் பீங்கான் ஆலை 1920, 1921இல் செம்பழுப்பு நிறக் கற்பீங்கானில் காசுகளைச் சுட்டெடுத்தது. ஓர் ஊர் தனக்குத் தெரிந்த தொழிலைத் தன் பணத்தில் காட்டியதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தத் துணிப் பணத்தைக் கொடுத்து யாராவது ரொட்டி வாங்கியிருப்பார்களா என்பதுதான் என் கேள்வி.


வட்டிக்கணக்கு எழுதியது:

தறிமேடை அவர்களே, கைவேலையைக் குறை சொல்ல நான் யார்? உங்கள் கேள்விக்கு விடை: பட்டுச் சீட்டுகளைப் பெரும்பாலும் சேகரிப்பாளர்களே விலை கொடுத்து வாங்கினார்கள்; அந்த வருவாய் நகரத்துக்கு உதவியது. ரொட்டிக் கடைக்குப் போனது சாதாரணத் தாள்தான்.


யாழ்வாசகி எழுதியது:

நான் ஜேர்மனியில் வசிப்பவள். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பழைய பொருட் சந்தைகளில் இத்தாள்கள் பிஸ்கட் தகரங்களில் குவியலாகக் கிடக்கும். என்னிடம் உள்ள ஒன்று ஊர்ப் பணம் அன்று, மத்திய வங்கியினுடையது. ஆனாலும் இந்த உரையாடலுக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். அது 1922 டிசம்பர் 15 என்று நாளிட்ட ஆயிரம் மார்க் தாள். அதன் குறுக்கே சாய்வாகச் சிவப்பு மையில் 'ஒரு மில்லியார்டே மார்க்' என்று மேலச்சு விழுந்திருக்கிறது. அச்சடித்து வைத்திருந்த ஆயிரம் மார்க் தாளுக்கு மதிப்பில்லாமல் போகவே, 1923 செப்டெம்பரில் அதே தாளின் மேல் நூறு கோடி என்று முத்திரையிட்டு வெளியே விட்டிருக்கிறார்கள். ஆயிரம் என்ற பழைய எழுத்து அடியில் அப்படியே தெரிகிறது.

தொகைகளைப் படிக்கும்போது ஒரு தவறு பலருக்கும் நேர்கிறது. ஜேர்மன் மொழியில் மில்லியார்டே என்பது நூறு கோடி. பில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. ஆங்கிலத்தில் இன்று பில்லியன் என்றால் நூறு கோடிதான். ஆகவே ஜேர்மன் தாளில் உள்ள சொல்லை ஆங்கில வழக்கில் படித்தால் கணக்கு ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். நம் எண்முறையில் இதைச் சொல்வது ஒரு வகையில் எளிது. ரைக்ஸ்பாங்க் வெளியிட்ட தாள்களிலேயே மிகப் பெரியது 1924 பெப்ரவரி 15 என்று நாளிட்ட நூறு பில்லியன் மார்க் தாள். நூறு லட்சம் கோடி என்றால் கோடி கோடி. நாம் பேச்சுக்குச் சொல்லும் 'கோடி கோடி' அங்கே ஒரு தாளின் முகமதிப்பாகவே இருந்திருக்கிறது. அதன் பெறுமதியோ ஏறத்தாழ 24 டொலர்.


செல்லாக்காசு எழுதியது:

அம்மா, 'கோடி கோடி' என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்கு வருந்தவும் செய்தேன். உங்கள் விளக்கத்துக்குப் பின் என் பன்னிரண்டு தாள்களையும் மறுபடி எடுத்து விளக்கின்கீழ் பார்த்தேன். ஒன்றை மட்டும் விவரிக்கிறேன்.

பத்து லட்சம் மார்க் தாள். 1923 ஆகஸ்டு என்று நாளிட்டது. தாள் மிக மெலிது. மடித்த இடத்தில் கோதுபோல உடைகிறது. முன்பக்கம் ஒரே நிறத்தில், கருநீலத்தில் மட்டும் அச்சு. பின்பக்கம் முற்றிலும் வெறுமை. வரிசை எண்ணை அச்சுடன் சேர்க்காமல் பிறகு கை முத்திரையால் இட்டிருக்கிறார்கள். கடைசி இலக்கம் சற்று மேலேறி நிற்கிறது. நகரமன்றத்தின் வட்ட முத்திரை ஓரத்தில் பாதி விழுந்து பாதி விழாமல் இருக்கிறது. மேயரின் கையெழுத்தும் அச்சுதான். அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் உள்ளன. மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியால் படித்ததில், உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்த பின் குறித்த காலத்துக்குள் நகரக் கருவூலத்தில் ஒப்படைக்காவிட்டால் இந்தச் சீட்டு செல்லாது என்பதே அதன் பொருள் என்று தெரிகிறது.

அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. அன்றைய நிலையில் குறித்த காலத்துக்குள் ஒப்படைத்தாலும் கிடைப்பது என்ன? சீட்டை வாங்கியவனுக்கு நட்டம், அச்சிட்டவனுக்கு லாபம் என்றுதானே இதற்குப் பொருள்?


எதிர்வாதி எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: 1923இன் ஊர்ப் பணம் என்பது சட்டம் கண்டும் காணாமல் விட்ட கள்ளநோட்டு. கள்ளநோட்டு அடிப்பவன் இரவில் அடித்தான். நகராட்சி பகலில் முத்திரையோடு அடித்தது. அவ்வளவே வேறுபாடு.

கணக்கைப் பாருங்கள். 1914இல் ஒரு டாலருக்கு 4.20 மார்க். 1923 ஜனவரியில் மாதச் சராசரி ஏறத்தாழ 18,000. ஜூலையில் 3.5 லட்சம். ஆகஸ்டில் 46 லட்சம். செப்டம்பரில் 9.9 கோடி. அக்டோபரில் 2,526 கோடி. ஒரு நகராட்சி செப்டம்பர் மாதச் சராசரி விலையில் ஒரு டாலர் பெறும் சீட்டைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, அக்டோபர் மாதச் சராசரி விலையில் அதே தொகையைக் கொடுத்து மீட்டால், அது திருப்பிக் கொடுத்தது அரை சென்டுக்கும் குறைவு. மீதி தொண்ணூற்றொன்பதரை சென்டும் எங்கே போயிற்று? அதை வரி என்று சொன்னால் வரி, கொள்ளை என்று சொன்னால் கொள்ளை. அதுமட்டுமன்று, நகராட்சிகளோடு தொழிற்சாலைகளும் இதில் இறங்கின. எஸ்ஸனில் குருப் நிறுவனமும் லுட்விக்ஸ்ஹாஃபனில் பாடிஷ் அனிலின் சோடா ஆலையும் தத்தம் பெயரில் சீட்டு வெளியிட்டன. முதலாளியே பணம் அச்சிட்டுக் கூலி கொடுப்பதை என்னவென்பது? 1923இல் இப்படி வெளியிட்டவர்கள் ஐயாயிரத்துக்கும் அதிகம். ஐயாயிரம் அச்சகங்கள் ஓடும் நாட்டில் மத்திய வங்கி மட்டும் திருந்தி என்ன பயன்?


வட்டிக்கணக்கு எழுதியது:

எதிர்வாதி அவர்களின் கணக்கில் பிழையில்லை. முடிவில்தான் எனக்கு மாறுபாடு. நான் முப்பது ஆண்டுகள் வங்கிக் காசாளர் கூண்டுக்குள் இருந்தவன். கூண்டுக்கு உள்ளிருந்து இதைப் பார்க்கிறேன்.

1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. நிலக்கரியும் எஃகும் விளையும் அந்த நிலத்தில் வேலை செய்ய மறுத்து மக்கள் அறப்போராட்டத்தில் இறங்கினார்கள். வேலை செய்யாத லட்சக்கணக்கானோருக்கு அரசு ஊதியம் கொடுத்தாக வேண்டும்; வரி வருவாய் இல்லை; ஆகவே அச்சிட்டது. அதற்காக ரைக்ஸ்பாங்க் தன் அச்சகம் போதாமல் 133 தனியார் அச்சகங்களில் 1,783 இயந்திரங்களை ஓடவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட காகித ஆலைகள் அதற்காகவே உழைத்தன. அப்படியும் தாள் போதவில்லை. ஏனென்றால் விலை ஏறும் வேகத்தை அச்சு இயந்திரத்தால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பெர்லினில் ஒரு கிலோ ரொட்டி 1922 டிசம்பரில் 163 மார்க். 1923 நவம்பரில் 20,100 கோடி மார்க். முந்தின வாரம் அச்சான தாளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனாலும் ஒரு ரொட்டிக்கு ஆகாது.

இப்போது ஒரு வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். ஆலையில் கூலி நாள். ஆலையின் கணக்கில் வங்கியில் போதிய இருப்பு இருக்கிறது. காசோலையை எடுத்துக்கொண்டு ரைக்ஸ்பாங்க் கிளைக்குப் போனால், 'கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் கொடுக்கத் தாள் இல்லை' என்கிறார் காசாளர். ரூரில் நிலைமை இதைவிட மோசம். ரைக்ஸ்பாங்கின் பண வண்டிகளைப் படைகள் வழியிலேயே பறித்துக்கொண்டன. மாலைக்குள் கூலி கொடுக்காவிட்டால் வாயிலில் கலவரம். நாளை கொடுத்தால் நாளைய விலைக்கு அது பாதிக் கூலி. அந்த நிலையில் நகராட்சி உள்ளூர் அச்சகத்தில் இரவோடு இரவாகச் சீட்டு அடித்து ஆலைக்குக் கொடுக்கிறது. தொழிலாளி அதைக் கடையில் கொடுக்கிறான். கடைக்காரர் ஏன் வாங்குகிறார்? அந்தச் சீட்டை நகராட்சி தன் வரிக்கும் டிராம் கட்டணத்துக்கும் எரிவாயுக் கட்டணத்துக்கும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் வாங்குகிறார். அடுத்த ஊர் எல்லை தாண்டினால் அதை வாங்கலாமா வேண்டாமா என்று அவரே யோசிப்பார்.

இதைக் கள்ளநோட்டு என்பதும் பொருந்தாது. 1922ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்ப் பணம் வெளியிட நிதியமைச்சின் அனுமதி வேண்டும். அதற்கு ஈடாகத் தொகை கட்டி வைக்கவும் வேண்டும். பலர் கட்டினார்கள். அரசின் ரயில்வேயும் அஞ்சல் துறையுமே அந்த ஆண்டு தம் பெயரில் அவசரப் பணம் வெளியிட்டன என்றால், இது ஊர்ப் பெரியவர்களின் குறும்பு அன்று என்பது விளங்கும். அனுமதி கேட்காமலே அடித்தவர்களும் ஏராளம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த இடத்தில் எதிர்வாதியோடு நானும் நிற்கிறேன்.


பசுமைப்பொருளியல் எழுதியது:

நண்பர்களே, ஊர்ப் பணத்தை இவ்வளவு குறை சொல்கிறீர்கள். மாதந்தோறும் அதன் மேல் ஒரு விழுக்காடு மதிப்புள்ள வில்லை ஒட்ட வேண்டும் என்ற விதியால் பணம் வேகமாகச் சுழன்று, வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்து, சாலைகளும் பாலமும் கட்டப்பட்டதாகப் படித்திருக்கிறேனே?


வட்டிக்கணக்கு எழுதியது:

நீங்கள் சொல்வது ஆஸ்திரியாவின் வோர்கல் நகரம். மேயர் மிக்கேல் உன்டர்குகன்பெர்கர் அதை 1932இல் தொடங்கினார். ஆஸ்திரிய மத்திய வங்கியின் எதிர்ப்பால் 1933இல் நின்றது. அது வேறு நாடு, வேறு பத்தாண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக நேர் எதிரான நோய். வோர்கலில் பணம் கையை விட்டு நகரவே இல்லை, அதைத் தள்ளி நகர்த்த வில்லை தேவைப்பட்டது. 1923இன் ஜெர்மனியில் பணத்தைக் கையில் ஒரு மணி நேரம் வைத்திருக்கவே யாரும் விரும்பவில்லை. அங்கே வில்லை ஒட்டச் சொல்வது, ஓடுகிறவனை விரட்டுவது போலாகும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.


யாழ்வாசகி எழுதியது:

செல்லாக்காசு சொன்ன 'வாங்கியவனுக்கு நட்டம்' என்பதற்கு அந்தக் காலத்திலேயே சிலர் மாற்று வழி கண்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்க்கை நம்ப முடியாதபோது, மதிப்புக் குறையாத ஒரு பொருளின் பெயரில் சீட்டு வெளியிட்டால் என்ன என்று யோசித்தார்கள். 1922 நவம்பரிலேயே ஓல்டன்பர்க் மாநிலத்தின் கடன் நிறுவனம் மார்க்கை விட்டுவிட்டு, குறிப்பிட்ட எடையுள்ள கம்புக் கோதுமையின் விலையைத் திருப்பித் தருவதாகப் பத்திரங்கள் வெளியிட்டது. இங்கே ரொட்டிக்கு அரைக்கப்படும் 'ரொக்கன்' (ஆங்கிலத்தில் 'ரை') என்ற கருந்தானியம் அது. நிலக்கரி, விறகு, மின்சாரம் ஆகியவற்றின் அளவைச் சொல்லும் பத்திரங்களும் சீட்டுகளும் தொடர்ந்து வந்தன.

1923 அக்டோபரிலிருந்து 'மதிப்பு நிலைக்கும் அவசரப் பணம்' என்ற வகை பெருகியது. அவற்றில் 'தங்க மார்க் 4.20 = 1 டொலர்', 'தங்க மார்க் 0.42 = டொலரில் பத்தில் ஒன்று' என்று அச்சாகியிருக்கும். 42 பெனிக் என்ற விசித்திரமான மதிப்புள்ள சீட்டை யாராவது கண்டால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். அது பத்து சென்டு. ஹம்பர்க் வணிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கக் கணக்கில் இயங்கும் ஒரு வங்கியையே அந்த ஆண்டு நிறுவித் தம் துறைமுக நகரத்துக்குள் மதிப்புக் குறையாத சீட்டுகளைப் புழங்கவிட்டார்கள். இவ்வாறு பார்த்தால், காகித மார்க் செத்துக்கொண்டிருந்தபோது அடுத்த நாணயத்துக்கான ஒத்திகை ஊர்களில்தான் நடந்தது. நாடு முழுவதற்கும் கம்புக் கோதுமையை அடிப்படையாகக் கொண்ட மார்க் வேண்டும் என்று அரசியல்வாதி கார்ல் ஹெல்ஃபெரிக் அந்த ஆகஸ்டில் முன்வைத்த திட்டமே, தானியம் நீங்கி நிலமும் தொழிலும் ஈடாக வந்த 'ரென்டன்மார்க்' என்ற புதிய நாணயமாக மாறியது.


செல்லாக்காசு எழுதியது:

அருமையான தகவல். என் பன்னிரண்டில் ஒன்று துரிங்கியா மாநில வங்கியின் 20 லட்சம் மார்க் தாள். அதில் பூவேலைப்பாடு எதுவும் இல்லை. தடித்த எழுத்துகளும் கோடுகளும் எண்களும் மட்டுமே. இதை ஏதோ அவசரத்தில் அழகில்லாமல் அடித்ததாக நினைத்து ஒதுக்கியிருந்தேன்.


தறிமேடை எழுதியது:

ஒதுக்கிவிடாதீர்கள்! அது வைமாரில் இருந்த பௌஹௌஸ் கலைப்பள்ளியின் மாணவர் ஹெர்பர்ட் பாயர் வடிவமைத்த தாளாகத்தான் இருக்க வேண்டும். 1923 ஆகஸ்டு, செப்டம்பரில் துரிங்கியா மாநில வங்கிக்காக அவர் வடிவமைத்தார். அப்போது அவருக்கு 23 வயது. அச்சுக்குப் போகும் நேரத்தில் தொகையே மாறிக்கொண்டிருந்த காலத்தில், எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள வடிவம் எவ்வளவு பொருத்தமானது என்று எண்ணிப் பாருங்கள். படம் வரைந்துகொண்டிருந்தால் படம் முடிவதற்குள் பணம் செத்திருக்கும்.


எதிர்வாதி எழுதியது:

கலையைப் பாராட்டுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வட்டிக்கணக்கு ஐயா என் முதன்மையான கேள்விக்கு விடை சொல்லவில்லை. ஊர்ப் பணம் வெறும் உதவிதான் என்றால், மார்க்கை நிலைநிறுத்த வந்தவர்கள் ஏன் முதல் வேலையாக அதன் கழுத்தில் கை வைத்தார்கள்?


வட்டிக்கணக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ரூர் போராட்டத்தை 1923 செப்டம்பர் 26 அன்று ஸ்ட்ரெசமான் அரசு கைவிட்டது. நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் வெளிவந்தது. அதன் மொத்த வெளியீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, அரசுக்குக் கொடுக்கும் கடனுக்கும் உச்சவரம்பு உண்டு. நவம்பர் 20 அன்று ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க் என்று நிறுத்தப்பட்டது. ஒரு ரென்டன்மார்க் ஒரு லட்சம் கோடி காகித மார்க்குக்குச் சமம். மத்திய வங்கித் தலைவர் ஹாவென்ஸ்டைன் அதே நாளில் இறந்துபோனார். இதெல்லாம் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. பலரும் தவறவிடும் செய்தி கொலோனில் இருக்கிறது.

கொலோன் அந்நியப் படைகளின் பிடியில் இருந்த பகுதி. மேயர், பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரான கொன்ராட் அடெனவர். அந்நகரத்தின் சீட்டுகளில் அவருடைய கையெழுத்தைக் காணலாம். பெர்லினில் டாலர் 4.2இல் நின்றபோது கொலோன் சந்தையில் அது 11 லட்சம் கோடியைத் தாண்டியது. காரணம் எளிது. சூதாடிகள் ஊர்ப் பணத்தைக் கடனாக வாங்கினார்கள். அதைக் கொடுத்து டாலர் வாங்கினார்கள். டாலர் ஏறியதும் அற்பக் காசில் கடனை அடைத்தார்கள். ஊர்ச் சீட்டை எந்த ரைக்ஸ்பாங்க் கிளையும் தன் தாளுக்கு ஈடாக வாங்கிக்கொண்டவரை இந்தச் சக்கரம் நிற்காது. அதாவது நகராட்சி அடித்த ஒவ்வொரு சீட்டுக்கும் கடைசிப் பொறுப்பு மத்திய வங்கியின் தலையில்தான் விழுந்தது.

அந்த நவம்பரில் நாணய ஆணையராக வந்த ஹ்யால்மார் ஷாஹ்ட் செய்தது ஒரே ஒரு காரியம். நவம்பர் 22 முதல் ரைக்ஸ்பாங்க் ஊர்ப் பணத்தை வாங்காது என்று அறிவித்தார். உடனே ஊர்ப் பணம் வெளியிட்டவர்கள் தம் சீட்டைத் தாமே மீட்க வேண்டியதாயிற்று. கொலோனில் மாத இறுதியில் நடந்த கூட்டத்தில் ஆலை அதிபர்களும் நகரப் பிரமுகர்களும் அவர்மீது கொதித்தெழுந்தார்கள், அவர் அசையவில்லை. டாலர் வாங்கிக் குவித்தவர்கள், பணம் கட்ட வேண்டிய நாள் வந்தபோது ஊர்ச் சீட்டை யாரும் வாங்காததால் டாலரை விற்றுத்தான் கட்ட வேண்டியிருந்தது. டிசம்பர் 10 அளவில் கொலோனிலும் டாலர் 4.2க்கு இறங்கிவிட்டது.

ஆகவே எதிர்வாதிக்கு என் விடை இது. ஊர்ப் பணம் பணவீக்கத்தைத் தொடங்கவில்லை. அதைத் தொடங்கியது போர்க் கடனும், அதை அடைக்க அச்சிட்ட அரசும்தான். ஆனால் மத்திய வங்கி வாங்கிக்கொள்ளும் வரை ஊர்ப் பணத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. வாங்க மறுத்த நாளில் அது உண்மையான ஊர்ப் பணமாயிற்று; அதாவது அந்த ஊருக்கு எவ்வளவு யோக்கியதையோ அவ்வளவுதான் அதன் மதிப்பு. கூலி கொடுத்த வெள்ளிக்கிழமைக்கு அது உதவி. டாலர் சூதாட்டத்துக்கு அது எரிபொருள். இரண்டும் ஒரே தாள்.


எதிர்வாதி எழுதியது:

கள்ளநோட்டு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கொள்ளை என்ற சொல்லைத் திரும்பப் பெறவில்லை.


செல்லாக்காசு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. செல்லுபடிக் காலம் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தும், இந்தத் தாள்கள் ஏன் இவ்வளவு பெருமளவில் மிஞ்சியிருக்கின்றன? என் பத்து லட்சம் மார்க் தாளை வியாபாரி ஒரு தேநீர் விலைக்குத்தான் கொடுத்தார்.


யாழ்வாசகி எழுதியது:

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரென்டன்மார்க் ஒரு லட்சம் கோடி மார்க். ஒரு ரென்டன்மார்க்கில் நூறு பெனிக். அப்படியானால் ஒரு பெனிக் ஆயிரம் கோடி மார்க். உங்களிடம் உள்ளதைப் போன்ற பத்து லட்சம் மார்க் தாள்கள் பத்தாயிரத்தைக் கட்டி நகரக் கருவூலத்துக்குத் தூக்கிப் போனால், கையில் கிடைப்பது ஒரு பெனிக். அவற்றை அடுக்களை அலுமாரியிலேயே விட்டுவிட்டார்கள். நூறு வருடம் கழித்து அந்த அலுமாரிகளைக் காலி செய்யும்போதுதான் பிஸ்கட் தகரங்கள் எங்கள் சந்தைக்கு வருகின்றன. மடித்த இடம் உடைவதாகச் சொன்னீர்கள். இனி மடிக்காமல், அமிலமில்லாத உறையில் தட்டையாக வைத்திருங்கள்.